சுவிஸ் மகளும் நாலாம் மாடி அட்டென்டன்டும்

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு அம்மா என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் இவை: "விழுந்திட்டன். கால் முறிஞ்சு பிளாஸ்டர் போட்டிருக்கு. வா. கேட்டில ஆரும் கேட்டா அட்டென்டன்ட் எண்டு சொல்லு."

நான் மாற்றாமல் வைத்திருந்த பழைய இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னது அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்றில்லை, உயிரோடு இருக்கிறாயா என்றுகூட இல்லை. நான் அப்போது கொட்டாஞ்சேனையில் என் அறையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, அறைத்தோழியின் போனில் ஒரு பிலிப்பைன்ஸ் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எங்களுடைய தொழில் செய்கிற ஒருத்தி, தன்னைக் கைகழுவிவிட்ட தாயைத் தேடிப் போகிறாள். மழை கொட்டுகிறது, வயலின் வாசிக்கிறார்கள், தாயும் மகளும் சேற்றில் விழுந்து கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அறைத்தோழி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எனக்கு மழையும் இல்லை, வயலினும் இல்லை. பட்டப்பகலில் ஓர் உத்தரவும், நோயாளியைப் பார்க்கிற ஓர் உத்தியோகமும் வந்து சேர்ந்தன.

"யாருடி போன்ல?" என்று கேட்டாள் அவள்.

"எங்கட அம்மா."

"அவங்கதான் செத்துட்டாங்கன்னு சொன்னியே?"

உண்மைதான், சொல்லியிருந்தேன். அம்மா என்னைப்பற்றி ஊருக்குச் சொன்ன பொய்யைச் சொல்லிச் சிரிக்கப்போகிறேன். ஆகவே என்னுடையதையும் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நான் அவரைக் கொன்றே விட்டிருந்தேன். மாரடைப்பு என்று நோய்கூடக் கொடுத்திருந்தேன்.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்கிறேன், பிறகு எவரும் வரிகளுக்கிடையில் தடவித் தேட வேண்டாம். பாலியல் தொழில். வேலை செய்கிற இடத்தின் பலகையில் ஆயுர்வேதம் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. அங்கே மூலிகை என்று இருப்பது வாசலில் வாடிப்போன ஒரு துளசிச் செடி மட்டுமே. இந்த இடத்தில் ஒரு சோகக் கதை வரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. ஏமாற்றிய காதலன், பசித்த தம்பி தங்கைகள், இருட்டில் ஒரு வில்லன். மன்னிக்கவும். நான் இருபத்தைந்து வயதில் ஒரு கடையில் வாசனைத் திரவியக் கவுன்டரில் பத்து மணித்தியாலம் நின்றுகொண்டிருந்தேன். கால் வீங்கியது, மனேஜர் கத்தினார், கூட நின்றவள் ஓர் இடம் சொன்னாள். ஒரு மாதம் பார்ப்போம் என்று போனேன். அந்த மாதம் இன்னும் முடியவில்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது ஒரு சொந்தக்காரப் பையனால். பையன் என்றா சொன்னேன், முப்பத்தெட்டு வயதுத் தடியன். என்னை அங்கே கண்டானாம். பதறிப்போய் வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மா அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். நீ எதற்கு அங்கே போனாய் ராசா என்று அம்மாவும் கேட்கவில்லை, குடும்பத்தில் எவரும் இன்றுவரை கேட்கவில்லை. போன வருடம் அவனுக்குக் கோயிலில் ஏதோ பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

அம்மா கத்தவில்லை. ஃபிளாட்டில் கத்தினால் மேலேயும் கேட்கும், கீழேயும் கேட்கும். என் உடுப்புகளை இரண்டு புடவைக்கடைப் பைகளில் மடித்து வைத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். மடித்துத்தான் வைத்தார், எறியவில்லை. அடுத்த கிழமை நான் சுவிற்சர்லாந்து போய்விட்டதாக எல்லா மாடிக்கும் அறிவித்தார்.

வெள்ளவத்தையில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பது அதிசயமில்லை, இல்லாததுதான் அதிசயம். எங்கள் ஃபிளாட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு வயதான மனிதரும், சுவரில் பனிக்கு நடுவில் சிரிக்கிற பேரப்பிள்ளைகளும், இவர்களைப் பார்க்க ஏஜென்சியில் எடுத்த ஓர் அட்டென்டன்டும் இருப்பார்கள். பிள்ளை அங்கே யாருடைய அப்பாவையோ குளிப்பாட்டிச் சம்பாதிக்கும். அந்தச் சம்பளத்தில் இங்கே அதன் அப்பாவை இன்னொருத்தி குளிப்பாட்டுவாள். இதில் எவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. ஆகவே மகள் சுவிஸில், தாய்க்கு அட்டென்டன்ட் என்பது கேட்டவுடன் நம்பக்கூடிய கதை. அம்மா அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் டைப்பிஸ்ட் ஆக இருந்தவர், பிழையில்லாமல் அடிப்பார்.

நான் போன அன்று கேட்டில் என்னைத் தெரியாத ஒரு புதுக் காவலாளி சிங்களத்தில் யார் என்று கேட்டார். அட்டென்டன்ட் என்றேன். கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் பிறந்து வளர்ந்த நாலாம் மாடி வீட்டுக்கு லிஃப்டில் போகையில் எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா சுருங்கிப்போயிருந்தார். கட்டிலில் முழங்கால் வரை பிளாஸ்டரோடு, தலை வாரி இழுக்காமல், அப்படி ஓர் அம்மாவை நான் கண்டதே இல்லை. அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நகப்பூச்சை அழி," என்றார். "அட்டென்டன்ட்மார் பூசிறேல்லை. சாமி அலுமாரிக்குள்ள ரிமூவர் இருக்கு."

சாமி அலுமாரியில் விபூதிக்கும் கற்பூரத்துக்கும் நடுவில் உண்மையாகவே ஒரு நகப்பூச்சு ரிமூவர் போத்தல் இருந்தது. வாழ்நாளில் நகம் பூசாத மனுசி. எதற்கு என்று மெல்ல மெல்லத்தான் விளங்கியது. வருடத்துக்கு இரண்டு முறை அம்மா காலி வீதிக் கடையில் சுவிஸ் சொக்லேட் வாங்குவார். அதன் பின்பக்கத்தில் இறக்குமதிக்காரன் ஒட்டிய சிங்களத் துண்டை ரிமூவர் போட்டுத் துடைத்து எடுப்பார். பிறகு மகள் அனுப்பியது என்று வீடுவீடாகக் கொடுப்பார். ஒன்பது வருடம்! என்னைப் பார்க்க ஒரு பஸ் எடுத்து முக்கால் மணித்தியாலம் வர ஏலாத மனுசி, என் பெயரில் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போத்தலை யன்னலால் கடலுக்கே வீசியிருப்பேன். நகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே மேல்மாடி அன்ரி வந்தார். கூடவே இரண்டாம் மாடியிலிருந்து இன்னும் இரண்டு அன்ரிமார். இந்த மூவர்தான் எங்கள் ஃபிளாட்டின் செய்திச் சேவை. என்னைத் தெரிந்த பழைய சனமெல்லாம் இந்த ஒன்பது வருடத்தில் பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டது, இவர்கள் பிறகு குடிவந்தவர்கள். மேல்மாடி அன்ரிக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் கனடா. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் இவர்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"எந்தத் தோட்டம், பிள்ளை?"

பெயரைக் கேட்கவில்லை. அட்டென்டன்ட் என்றால் மலையகம், மலையகம் என்றால் தேயிலைத் தோட்டம், அவ்வளவுதான் அவருடைய பூமிசாஸ்திரம். நான் வாயைத் திறக்க முன்னம் அம்மா பதில் சொன்னார்.

"பதுளைப் பக்கம்."

பதுளையை நான் ரயில் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அறைத்தோழிதான் பதுளைக்காரி. அவள் பேச்சைக் கொஞ்சம் திருடி, "ஆமாங்கம்மா, தோட்டத்துலேர்ந்து வந்து ரொம்ப நாளாச்சுங்க" என்று ஒரு போடு போட்டேன். அவள் கேட்டிருந்தால் என்னைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி ஓட ஓட அடித்திருப்பாள். அம்மா தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, இவைக்குத் தேத்தண்ணி கொண்டு வாரும்."

கொண்டு வாரும்! பிறந்த நாளிலிருந்து நீ, போடி, வாடி என்று கேட்டு வளர்ந்தவள் நான். வேலைக்காரியாக வந்தபிறகுதான் எனக்கு அந்த வீட்டில் ஒரு மரியாதை கிடைத்தது.

அன்றிலிருந்து பகல் முழுக்க நாடகம். அன்ரிமார் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார்கள். நான் தேத்தண்ணியும் வடையும் வைப்பேன். அவர்கள் என்னை வைத்துக்கொண்டே அட்டென்டன்ட்மாரின் களவு, சோம்பல், வாய் எல்லாவற்றையும் அலசுவார்கள். போன பிறகு நானும் அம்மாவும் சண்டை பிடிப்போம். சோற்றில் உப்பு, மருந்து எடுக்கிற நேரம், யன்னல் திறக்கிறதா பூட்டுகிறதா. ஒன்பது வருடத்தைப்பற்றி மட்டும் சண்டை வராது. அதைத் தொட இருவருக்கும் பயம்.

குளிப்பாட்டுவதுதான் பெரும் பாடு. பிளாஸ்டருக்குப் பொலித்தீன் கட்டி, கதிரையில் இருத்தி, வாளியில் சுடுதண்ணீர் கலந்து வைத்தேன். அம்மா நைட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணை மூடு."

"கண்ணை மூடிக்கொண்டு எப்பிடியம்மா சவர்க்காரம் போடுறது? சுவருக்கோ போடுறது?"

"எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"நான் பாக்காத உடம்போ?" என்று சொல்லிவிட்டேன். வாய்தானே, வந்துவிட்டது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அறைவார் என்று நினைத்தேன். அவர் நைட்டியை விட்டுவிட்டார். நான் முதுகு தேய்த்தேன். தளர்ந்த தோல் கையோடு நகர்ந்தது. எத்தனையோ பேருடைய முதுகு தேய்த்திருக்கிறேன், எந்த முதுகும் இவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. தண்ணீரை அவர் தலையில் கொஞ்சம் அதிகமாக ஊற்றினேன், என் முகம் அவருக்குத் தெரியக்கூடாது என்று. "மூக்குக்குள்ள போகுது, மூதேவி!" என்று கத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது வினை. மூன்று அன்ரிமாரும் இருக்கையில், மேல்மாடி அன்ரிக்குத் திடீரென்று என் மேல், அதாவது சுவிஸில் இருக்கிற என் மேல், பாசம் வந்துவிட்டது.

"அக்கா, மகளுக்கு ஒருக்கா அடியுங்கோவன். தாய் விழுந்து கிடக்கிறா, பிள்ளையின்ர குரலையாவது கேப்பம்."

"அவள் இப்ப வேலையில நிப்பாள்," என்றார் அம்மா.

"ஞாயிற்றுக்கிழமையோ?"

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. நான் குசினி வாசலில் நின்று அம்மாவுக்குக் கண்ணால் சாடை காட்டிவிட்டு, போனோடு குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டேன். ஒலியை அமர்த்திவிட்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். திரையில் அம்மாவின் இலக்கம் ஒளிர்ந்தது. எட்டுப் பத்து அடி தள்ளி அம்மா எடுத்த அழைப்புக்கு, சுவிற்சர்லாந்திலிருந்து பதில் சொன்னேன்.

"ஹலோ அம்மா," என்றேன் மெல்ல.

"வீடியோ போடச் சொல்லுங்கோ அக்கா!" என்று அன்ரியின் குரல் போனிலும் கேட்டது, கதவாலும் கேட்டது.

"வீடியோ வேண்டாம். அங்க நெட் சரியில்லை," என்றார் அம்மா.

"சுவிஸிலயோ?"

அம்மா அதைக் காதில் போடவில்லை. "பிள்ளை, சாப்பிட்டியா?" என்று கேட்டார். "குளிரோ அங்க?"

வெள்ளவத்தை வெக்கையில், யன்னலில்லாத குளியலறையில், வியர்வை முதுகால் வடிய, "ஓம் அம்மா, சரியான குளிர், ரெண்டு சுவெட்டர் போட்டிருக்கிறன்" என்றேன். பிறகு எனக்குள் இருக்கிற பிசாசு சும்மா இருக்கவில்லை. "உங்களைப் பாக்க வச்ச பிள்ளை எப்பிடி அம்மா?"

"பரவாயில்லை. கொஞ்சம் வாய் கூட."

அன்ரிமார் சிரித்தது கேட்டது. நானும் வாயைப் பொத்திச் சிரித்தேன். அப்போது அம்மா குரலைத் தாழ்த்தி, "எப்ப வாறாய்?" என்று கேட்டார். "எத்தினை வருசமாப் பாக்காமல் இருக்கிறன். ஒவ்வொரு நாளும் லிஃப்ட் நிக்கிற சத்தம் கேட்டா நீதானோ எண்டு நினைப்பன். நான் செய்தது பிழைதான் பிள்ளை."

இது கூடத்தில் இருக்கிற மூவருக்கும் போட்ட நடிப்பா, எனக்கா, எனக்குத் தெரியவில்லை. பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். விக்கி விக்கி அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முகம் கழுவி வெளியே வந்தபோது அன்ரி, "என்ன பிள்ளை, இவ்வளவு நேரம் பாத்ரூமில? வயிறு சரியில்லையோ?" என்றார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிரவு அம்மா ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை, "பாணில பட்டர் கூடப் பூசிப்போட்டாய்" என்றார்.

பிளாஸ்டரைப் பார்க்கக் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் இருக்கையில் ஒரு நர்ஸ் வந்து சிங்களத்தில் கேட்டார், கூட வந்திருப்பது மகளா என்று. நான் அட்டென்டன்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சிரித்த முகத்தோடு, "ஓவ், மகே துவ," என்றார். ஓம், என்னுடைய மகள். கண் இமைக்கவில்லை, குரல் தடுமாறவில்லை. நர்ஸ் என் தோளைத் தட்டி, தாயை நன்றாகப் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற த்ரீவீலில் நான் வெடித்தேன்.

"சிங்களத்தில மகள், தமிழில வேலைக்காரியோ?"

"சத்தம் போடாதை."

"போடுவன்! ஏன் அந்த நர்ஸுக்குச் சொன்னனீங்கள்?"

"அந்த நர்ஸ் என்ன எங்கட ஃபிளாட்டிலயோ இருக்கிறாள்?" என்று திருப்பிக் கேட்டார் அம்மா. அப்போது த்ரீவீல் ஓட்டிய முஸ்லிம் நானா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, உம்மாவோட அப்புடிச் சத்தம் போட்டுப் பேச வாணாம்" என்றார். ரோட்டில் போகிற மனுசனுக்கே நான் மகள் என்று விளங்குகிறது, பெற்றவளுக்கு மட்டும் சொல்ல வாய் வராது.

அன்றைக்குத்தான் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெளிவானது. மன்னிப்பு வேண்டாம், வீடு வேண்டாம், சேற்றில் விழுந்து கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். என் பிள்ளை என்று தமிழில், அந்த நாலாம் மாடியில், அந்த மூன்று பேருக்கு முன்னால் ஒரே ஒருதரம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடுவேன். அதை அம்மாவிடமே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிளாஸ்டர் வெட்டியாயிற்று. அம்மா இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கத் தொடங்கினார். நான் போகிற நாள் கிட்ட வந்தது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அன்ரிமார் மூவரும் கோயிலுக்குப் போன சேலையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மேல்மாடி அன்ரி கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா, இனி நீங்கள் நடக்கிறியள்தானே. பம்பலப்பிட்டியில என்ர தமக்கை ஆள் இல்லாமல் தவிக்கிறா. இந்தப் பிள்ளையை எங்களுக்குத் தாங்கோவன்."

வெறும் தட்டோடு நான் அப்படியே நின்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். மாட்டினாரே மனுசி! தரமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த ஏனுக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அம்மா தன் முழங்காலைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார்.

"ஓம், கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார். "நல்ல பிள்ளை."

என் தொழிலில் என்னை மணித்தியாலக் கணக்கில் எடுத்தவர்கள் உண்டு. சும்மா தூக்கிக் கொடுத்தவர் பெற்ற தாய் ஒருத்திதான். தட்டை மேசையில் போட்டேன், அது சுழன்று விழுந்தது.

"நான் ஒரு இடமும் வரேலாது. இவ என்ர அம்மா, நான் இவவின்ர மகள். சுவிஸ்! கண்டறியாத சுவிஸ்! நான் சுவிஸைப் படத்திலயும் ஒழுங்காப் பாத்ததில்லை."

அவர்கள் திடுக்கிடுவார்கள் என்று பார்த்தேன். ஒருத்தர்கூட அசையவில்லை. மேல்மாடி அன்ரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து எடுத்தார்.

"தெரியும், பிள்ளை," என்றார். "முதல் கிழமையே தெரியும்."

"எப்பிடி?"

"நீர் அவவுக்கு ஏசிற ஏச்சு எங்கட குசினி யன்னலுக்கு வரும். சம்பளத்துக்கு வந்தவள் அப்பிடி ஏசமாட்டாள். பெத்த பிள்ளைதான் ஏசும்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அட சண்டாளிகளே! இவ்வளவு நாளும் என் வடையைத் தின்றுகொண்டு டிக்கட் இல்லாமல் படம் பார்த்திருக்கிறார்கள். பதுளைத் தமிழுக்கும், பாத்ரூம் சுவிஸுக்கும் உள்ளுக்குள் எப்படிச் சிரித்திருப்பார்கள்.

"தெரிஞ்சுகொண்டோ என்னைத் தரச்சொல்லிக் கேட்டனீங்கள்?"

"சும்மா, பிள்ளை. அக்கா என்ன சொல்லுறா எண்டு பாப்பமெண்டு."

அம்மா தலை நிமிரவில்லை. நடக்கிற சட்டத்தைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இப்படி மூன்று பேர் கூடியிருந்து ஒரு கிழவியைக் கிள்ளிப் பார்த்தார்களே என்றுதான் வயிறெரிந்தது. ஆனால் அன்ரி இன்னும் முடிக்கவில்லை. குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டார்:

"அப்ப இவ்வளவு காலமும் எங்க பிள்ளை இருந்தனீர்? என்ன வேலை?"

மூன்று கதிரையும் கொஞ்சம் முன்னுக்கு வந்தன. பியூட்டி பார்லர் என்று சொல்லியிருக்கலாம். கார்மென்ட் என்று சொல்லியிருக்கலாம். அம்மா இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வையா, சொல் என்கிற பார்வையா, நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"கொட்டாஞ்சேனையில இருக்கிறன். மசாஜ் இடத்தில வேலை. மசாஜ் மட்டுமில்லை. ஆம்பிளையள் காசு குடுத்து வருவினம். விளங்கிச்சுதோ, இல்லாட்டி இன்னும் விளக்கமாச் சொல்லவோ?"

இரண்டாம் மாடி அன்ரிமாரில் ஒருத்தி வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தாள். மேல்மாடி அன்ரி தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். மெல்ல, சத்தம் வராமல், கப்பை மேசையில் வைத்தார். மற்ற இருவரும் வைத்தார்கள். பத்துக் கிழமையாக என் கையால் வாங்கித் தின்று குடித்தவர்கள். என்னைப் பார்த்து எத்தனையோ பேர் முகம் சுளித்திருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று கப்பும் மேசையில் உட்கார்ந்த விதம் என்னைக் கொன்றது.

அம்மா எழும்பினார். நான் பிடிக்கப் போனேன், கையை விலக்கினார். சட்டத்தை ஊன்றி, ஒரு காலை வைத்து, மற்றக் காலை இழுத்து வைத்து, வாசல் கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றார். மூச்சு வாங்கியது.

"கேட்டியள்," என்றார். "என்ர பிள்ளை ஒண்டும் ஒளிக்காமல் மறுமொழி சொல்லிப்போட்டாள். இப்ப அவள் போட்ட தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ."

ஒருத்தரும் அசையவில்லை. அம்மாவும் அசையவில்லை. கடைசியில் மேல்மாடி அன்ரிதான் முதலில் கப்பை எடுத்தார். மூன்று கப்பும் காலியாகும் வரை அம்மா கதவை விட்டு நகரவில்லை.